உப்பளத்துப் பெண்ணின் வேடம்

இந்த நாட்டிலேயே வளர்ந்து, இங்கேயே தலை நரைத்து, முழங்காலுக்குக் களிம்பு பூசத் தொடங்கியிருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். லொசானுக்குப் பக்கத்து ரெனானில் அந்தக் கூத்து நடந்த அன்று உங்களில் பலர் மண்டபத்தில் இருந்தீர்கள். கதிரைகளுக்கு அடியில் தவழ்ந்து விளையாடியவர்களும் உண்டு, தாயின் மடியில் நித்திரை கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், "நீ அண்டைக்குப் பொம்பிளை வேஷம் போட்டு என்ன மாதிரிச் செய்தனீ" என்று முதுகில் தட்டுகிறீர்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டுப் போகிறேன். இனிமேல் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டும் எனக்கு எங்கே போய் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

கூத்து எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. அப்பா அப்போது லொசானில் ஒரு நாடக அரங்கின் சமையலறையில் கோப்பை கழுவினார். இடைவேளைக்கு எப்போது ஆட்கள் வந்து விழுவார்கள் என்று தெரிவதற்காக அந்தச் சமையலறைச் சுவரில் ஓர் ஒலிபெருக்கி பூட்டியிருந்தார்கள். மேடையில் பாடுவதெல்லாம் அதில் கேட்கும். கையை வெந்நீருக்குள் விட்டபடி அப்பா அந்த வருடம் முழுக்க ஓப்பரா கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஊரில் கூத்தில் ராசா வேடம் கட்டிய மனிதர் என்பதால், எவன் கோபத்தில் பாடுகிறான், எவள் அழுகிறாள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபட்டுவிடும்.

மேடையில் பலகை வேலை செய்த ஓர் இத்தாலியத் தச்சர் சாப்பிட வரும்போது கதையைச் சொல்வார். அவருக்குப் பிரெஞ்சு அரைகுறை, அப்பாவுக்கு அதிலும் அரை. உப்புக் குப்பி மனைவி, முள்ளுக்கரண்டி புருஷன், மிளகுக் குப்பி வண்டில்காரன் என்று மேசையில் வைத்து நகர்த்திக் காட்டுவாராம். தெற்கு இத்தாலியில் ஒரு கடலோரக் கிராமம். புருஷன் இரவில் விளக்கு வைத்து மீன் பிடிக்கப் போகிறவன். மனைவி விடியும் முன்னர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள். தூரம் அதிகம் என்பதால் ஒரு வண்டில்காரன் அவளை ஏற்றிக்கொண்டு போகிறான். வண்டிலில் காதல் வருகிறது. ஊரார் கதைத்தது புருஷனின் காதுக்குப் போகிறது. திருவிழா அன்று, கோயில் மணி அடிக்க அடிக்க, மீன் வெட்டும் கத்தியால் அவன் வண்டில்காரனைக் குத்திவிடுகிறான்.

இது எந்த ஓப்பரா என்று பிற்காலத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. அந்தத் தச்சர் மூன்று நான்கைப் போட்டுக் குழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரசர்களையும் தேவர்களையும் இறக்கிவிட்டு, கூலிக்காரரையும் கள்ளக் காதலையும் கத்தியையும் மேடையில் ஏற்றிய ஒரு காலம் இத்தாலிய ஓப்பராவுக்கு இருந்திருக்கிறது. உண்மை வாழ்க்கையைக் காட்டுவது என்ற பொருளில் அதற்கு வெரிஸ்மோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இந்தப் பெயர் கடைசிவரை தெரியாது.

பெயர் தெரியாமலே அவர் அதில் விழுந்துபோனார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம், "ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. உப்பு அள்ளுறவள், மீன் பிடிக்கிறவன், வண்டில் ஓட்டுறவன். எங்களைப்போல ஆக்கள். அவங்கள் பாட, சனம் எழும்பி நிண்டு கைதட்டுது" என்றார்.

"எங்களைப்போல ஆக்களைப் பாக்க எங்கட சனம் ஏன் மண்டபத்துக்கு வரவேணும்? லிஃப்டுக்குள்ள பாக்கலாம்தானே" என்றார் அம்மா.

அப்பா கேட்கவில்லை. மாசியில் வரும் மாதா திருநாளுக்கு இதையே கூத்தாகப் போடுவது என்று முடிவாயிற்று. அதுவரை எங்கள் சனம் பார்த்த கூத்துகளில் வந்தவர்கள் எல்லாரும் அரசர்களும் வேதசாட்சிகளும்தான். அவர்களைப் பார்த்து யாரும் யாரையும் நினைத்துக்கொள்ள முடியாது. இந்தச் சின்ன விசயம் அப்பாவுக்கும் தட்டுப்படவில்லை, ஆசீர்வாதம் தந்த பங்குச் சுவாமியாருக்கும் தட்டுப்படவில்லை.

கூத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டுவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ராணி வேடம் என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். புருஷனுக்குத் துரோகம் செய்கிற உப்பளத்துப் பெண் என்றதும் ஒவ்வொருவருக்கும் வேலை நேரம் மாறிவிட்டது. ஒருவருக்கு இடுப்பு, நாரி எல்லாம் பிடித்துவிட்டது. பெண்களிடம் கேட்கவே முடியாது. குரல் உடையாத வயதில் வீட்டுக்குள்ளேயே நான் இருந்தேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார், விசயம் முடிந்தது.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு மாமி இருந்தார். உறவு இல்லை, ஆனால் உறவுக்காரரைவிட நெருக்கம். அம்மா ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கும் வேலைக்குப் போனதால், பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே மாமியிடம்தான் போவேன். தேத்தண்ணியும், பாணில் சீனி தூவிச் சுட்டதும் தருவார். அவர் வீட்டில் ஏலக்காயும் ஜவெல் தண்ணியும் சேர்ந்து மணக்கும். இன்றைக்கும் எங்காவது தரை கழுவிய நாற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும், நம்பினால் நம்புங்கள்.

மாமா, அவருடைய கணவர், பாண் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. மாமி விடிய முன்னர் அலுவலகங்கள் துடைக்கும் வேலை. மாமா வர மாமி போயிருப்பார், மாமி வர மாமா படுத்திருப்பார். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஓர் அண்ணை காய்கறிச் சந்தைக்கு அதே வழியால் வேலைக்குப் போவார். எங்கள் ஆட்களில் முதலில் கார் வாங்கியவர் அவர்தான், அதனால் எங்களுக்கு அவர் கார் அண்ணை. மாமி தினமும் பச்சைக் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், கார் அண்ணை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். மாமாவே கேட்டு ஒழுங்கு செய்த ஏற்பாடு அது. எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்பதால் அதில் கதைக்க எதுவும் இருக்கவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

பெண்ணாக எப்படி நடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் ஒத்திகையில் இடுப்பை ஆட்டிக்கொண்டு நடந்தேன். வண்டில்காரன் வேடம் கட்டியவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அழுகை முட்ட மாமியிடம் போய்ச் சொன்னேன்.

"ஆட்டுறதுக்கு அவள் என்ன கிலுகிலுப்பையோ?" என்றார் மாமி. "உப்பு அள்ளுறவள் எண்டனீ. பாரம் தூக்கிப் பழகினவள் எப்பிடி நடப்பாள் எண்டு யோசிச்சுப் பார்."

பாரம் தூக்கிப் பழகிய பெண் எனக்கு முன்னால்தான் நின்றார். வாளி தூக்கித் தூக்கி மாமி ஒரு பக்கம் சற்றே சரிந்து நடப்பார். வலது கை வெறுமையாக இருந்தாலும் வாளி இருப்பதுபோல் உடம்பைவிட்டுத் தள்ளியே நிற்கும். கையில் எப்போதும் ஈரமும் மருந்துத் தண்ணியும் இருந்து பழகியதால், முகத்தில் விழும் முடியை விரலால் ஒதுக்க மாட்டார். மணிக்கட்டின் பின்புறத்தால் மேலே தள்ளுவார். சிரிக்கும்போதும் அதே மணிக்கட்டு வாய்க்கு வரும், சிரித்து முடிய ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார். இதெல்லாம் தான் செய்வதாக அவருக்குத் தெரியாது. நான் சீனிப் பாணைத் தின்றுகொண்டு பார்த்தேன். இரண்டு கிழமைக்குள் அவரை முழுதாக என் உடம்பில் ஏற்றிவிட்டேன்.

அவரை நையாண்டி செய்ய நான் நினைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த பெண்களில் மிக அழகாக நடந்தவர் அவர். அப்படி நடந்தால் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்பா எனக்கு எழுதிய வரவுப் பாட்டையும் நீங்கள் கேட்க வேண்டும். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தான் யார் என்று பாடிக்கொண்டுதானே மேடைக்கு வரும்.

கோழி கூவும் முன்னம் எழும்பிக்
கூலிக்குப் போற பெண் வந்தேன் – என்னை
ஏற்றிப் போகும் வண்டில்காரன்
எங்கே எங்கே என நின்றேன்

ஒத்திகையில் இதைக் கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். "இது ஆரையோ சொல்லுற மாதிரிக் கிடக்கப்பா."

"இது இத்தாலிக்காரன்ர கதை. இவைக்கும் அதுக்கும் என்ன?" என்றார் அப்பா.

'இவை' என்றால் எந்த ஆட்கள் என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் தன் வாயிலிருந்து அந்தச் சொல் ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. அம்மா மறுபடி ஊசியில் நூலைக் கோத்தார். அந்த இடத்தில் அம்மா இன்னும் ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம் என்று இந்த வயதில் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்த கையோடு, எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் போடப் பார்க்கிறாயோ என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

திருநாள் அன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். பின்பக்கம் ரோல்ஸ் பொரிகிற மணம், யன்னலெல்லாம் வேர்த்து வடிந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் மட்டும் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. மாமிதான் எனக்குச் சேலை உடுத்தினார். கடுகு நிறம், அவருடைய சேலை. நான் நடுங்குவதைப் பார்த்து, தன் பச்சைக் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

"இத்தாலியில இப்பிடிக் கோட்டுப் போடுவினமோ?" என்று கேட்டேன்.

"குளிர் எண்டால் ஆரும் போடுவினம். போ, பயப்பிடாமச் செய்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமா இரவு வேலை முடித்து நித்திரையும் இல்லாமல் வந்திருந்தார்.

வரவுப் பாட்டைப் பாடிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்தபடி நடந்து வந்தேன். பாட்டு முடியும் முன்னரே சிரிப்பு தொடங்கிவிட்டது. பல்பொருள் அங்காடித் தள்ளுவண்டியில் மட்டைச் சில்லு ஒட்டிச் செய்த வண்டில் வந்து நின்றது. நான் மணிக்கட்டால் முடியைத் தள்ளினேன். மண்டபம் அதிர்ந்தது. பாட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை, ஆனாலும் இன்னொரு தடவை தள்ளினேன். கைதட்டல். வண்டில்காரனைப் பார்த்து மாமியைப் போலவே சிரித்து, மூச்சை உள்ளே இழுத்தேன். யாரோ பின்னாலிருந்து விசிலடித்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன்.

மாமி எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். பிறகு ஏன் எல்லாரும் இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பினார். திரும்பிய முகம் மேடைக்கு வரும்போது சிரிப்பு இல்லை. மாமா மட்டும் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார். புருஷன் வேடம் கட்டிய அப்பா, வெள்ளித்தாள் சுற்றிய மட்டைக் கத்தியால் வண்டில்காரனைக் குத்தியபோது எழுந்து நின்றும் கைதட்டினார். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. அது கூத்து, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் கொஞ்ச நாள் கதைத்துவிட்டு ஊர் ஓய்ந்திருக்கும். அப்பா விடவில்லை. ஆட்கள் கதைப்பது இரண்டு நாளில் அவர் காதுக்கு வந்தது. மாமிக்கு வந்த பழியை எப்படியாவது துடைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அடுத்த கிழமை செபமாலைக்கு எல்லாரும் கூடியபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சின்ன அறிவித்தல். நாங்கள் போட்ட கூத்து எங்கட சனத்தில ஒருத்தரையும் குறிக்கேல்லை. வேலைக்குப் போற எந்தச் சகோதரியையும் குறிக்கேல்லை. தயவுசெய்து பிழையா விளங்கவேண்டாம்."

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் மாமியிடம் திரும்பின. அதைப் பார்த்து மாமாவின் தலையும் திரும்பியது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட இவ்வளவு கொடுமையான காரியத்தை நான் கண்டதில்லை.

சண்டை நடக்கவில்லை. மாமா கையை நீட்டுகிற மனிதர் அல்ல, சத்தம் போட்டதாகவும் யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் இரவு வேலையை ஒரு மணித்தியாலம் முன்னதாக முடித்துக்கொண்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மாமியோடு ரெயில் பாதை ஓரமாக நடந்து போய் வேலைக்கு விட்டுவிட்டு வந்தார். பனியிலும் மழையிலும் நடந்தார். "பெண்சாதியில என்ன அன்பு" என்று சனம் சொன்னது. கார் அண்ணை ஒரு மாதத்துக்குள் தூரத்தில், ஊஸ்டர் என்ற ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டுக்குப் பயணம் சொல்ல வந்தவர் மேல் மாடிக்குப் போகவில்லை.

நான் தொடர்ந்து மாமியிடம் போனேன். சீனிப் பாண் தந்தார், பாடம் பார்த்தார், என்மேல் கோபம் காட்டவில்லை. ஒரு பின்னேரம் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். முடி கண்ணுக்குள் விழுந்தது. மணிக்கட்டு மேலே போனது. பாதி வழியில் என்னைக் கண்டார். கை அங்கேயே நின்றது, பிறகு மெல்லத் தண்ணிக்குள் இறங்கியது. முடி கண்ணுக்கு முன்னால் அப்படியே கிடக்க, மாமி கோப்பைகளைக் கழுவினார்.

அதற்குப் பிறகு கவனித்தேன். நேராக நடந்தார். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தால் வாயை மூடி உதட்டோடு நிறுத்திக்கொண்டார். எப்படியாவது சிரிக்க வைக்கலாம் என்று ஒரு நாள் நான் பள்ளிக்கூட ஆசிரியரைப் போல நடந்து காட்டினேன்.

"உனக்குப் பாடம் ஒண்டும் இல்லையோ?" என்றார் மாமி.

ஒருவருடைய நடையை எடுத்தால் அவருக்கு அது இல்லாமல் போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோடையிலேயே மாமாவுக்கு துன் என்ற ஏரிக்கரை ஊரில் ஹோட்டல் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் கையசைத்தார்கள். அப்பா அதற்குப் பிறகு கூத்துப் போடவில்லை, ஏன் என்று சொல்லவும் இல்லை.

போன வருடம் துன்னில் ஒரு கலியாணம். மண்டபத்துக்கு வெளியே ஏரிப் பக்கம் மேசைகள் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் மாமி தனியாக இருந்தார். முடி முழுக்க வெளுத்து, கைகளை மடியில் கோத்து, புகைப்படத்துக்கு இருப்பதுபோல் நேராக இருந்தார். நான் வேறு பக்கமாக நழுவப் பார்த்தேன்.

"இவ்வளவு காலமும் என்னைக் கண்டால் ஏன் ஒளிக்கிறாய்? இப்பிடி இரு" என்றார்.

இருந்தேன். "என்னாலதானே மாமி எல்லாம்."

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு என்ன தெரியும்." ஏரிப் பக்கம் திரும்பினார். "ஆனா, கொஞ்சம் பிழையாச் செய்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்த அண்ணையோட ஒண்டும் இருக்கேல்லை. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மாமி. எல்லாருக்கும் தெரியும்."

"காருக்குள்ள கதைச்சுக்கொண்டு போவம். அவர் தன்ர தங்கச்சிமாரைப் பற்றிச் சொல்லுவார். நான் இண்டைக்கு என்ன கறி எண்டு சொல்லுவன். அந்த நாளில என்னோட வேற ஆர் கதைச்சது? மாமா பாவம், களைச்சு வந்து படுத்திடுவார். பிறகு அவர் என்னோட நடந்து வந்தவர்தான், ஆனா அவ்வளவு தூரமும் ஒரு சொல்லுக் கதைக்க மாட்டார். எனக்குக் கதைக்க ஒரு ஆள் இருந்தது. அது போயிட்டுது. அவ்வளவுதான்."

அதற்குள் மாமா இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்துவிட்டார். முதுகு வளைந்திருந்தது. என்னை உற்றுப் பார்த்து, "எட, இது எங்கட கூத்துக்காரத் தம்பியெல்லே" என்று முகம் மலர்ந்தார். பக்கத்தில் இருந்தார். நான் என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் மாமிக்குக் கேட்காத அளவுக்கு அல்ல.

"தம்பி, நீ அண்டைக்கு நடந்தனீ, சிரிச்சனீ. அது இவதான். எனக்கு அப்ப விளங்கேல்லை, பிறகுதான் விளங்கினது. இவ இப்ப அப்பிடி நடக்கிறேல்லை, அப்பிடிச் சிரிக்கிறதும் இல்லை. நான் பக்கத்திலதான் நடந்தனான், எங்க துலைச்சனான் எண்டு தெரியேல்லை. எப்பிடி இருந்தது எண்டு ஞாபகப்படுத்திப் பாக்கிறன், வருகுதில்லை. நீ ஒருக்காச் செய்து காட்டு பாப்பம்."

பகிடி இல்லை. கெஞ்சினார். மாமி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கு அடியில் என் மணிக்கட்டு தானாகவே திரும்புவதை உணர்ந்தேன். சரிவு, கையின் தள்ளல், அந்தச் சின்ன மூச்சு, எல்லாம் என் உடம்பில் கலையாமல் இருந்தன. எழுந்து நாலு அடி நடந்தால் போதும், அந்த மனிதர் தன் மனைவியை ஒரு தடவை பார்த்துவிடுவார். ஆனால் கேட்டது அவர், மாமி அல்ல. கொடுப்பதற்கு அது என்னுடையதும் அல்ல, மாமாவுடையதும் அல்ல.

"மறந்துபோச்சு மாமா" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.